ஜெயித்த சட்டை

என் கணவர் தன் ஆயுளில் சொல்லிக்கொள்ளும்படியாக ஒரே ஓர் ஆட்டம்தான் ஜெயித்தார். அதை வைத்துக்கொண்டு அவர் அடித்த அரட்டை இருக்கிறதே, உலகத்தையே ஜெயித்தவன்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டான். குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர், மகளின் கல்லூரித் தோழிகள், ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று யாரும் தப்பியதில்லை. "மெத்தைன்னு ஒரு ஆட்டக்காரன், கேள்விப்பட்டிருக்கீங்களா? அவன ஃபைனல்ல ஒரே ஒரு ஆள்தான் ஜெயிச்சான்" என்று ஆரம்பிப்பார். யார் அந்த ஆள் என்று அவர்கள் கேட்பதற்காக நிறுத்துவார். கேட்காவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

மெத்தை என்பது வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன். பச்சைத் துணி விரித்த பில்லியர்ட்ஸ் மேசையில் அவன் குச்சியால் தட்டினால், வெள்ளைப் பந்து போய் இன்னொரு பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டு, மெத்தையில் விழுந்த மாதிரி சத்தமில்லாமல் அதே இடத்தில் நிற்கும். அதனால் வந்த பெயர். அவனும் என் கணவரும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அந்த ஃபைனலுக்குப் பிறகு மெல்ல மெல்லப் பேச்சு நின்றுபோனது. அண்ணன் இப்போது வேறு ஊரில் தன் மகளோடு இருக்கிறான். எப்போதாவது எனக்கு ஃபோன் செய்வான். "நல்லா இருக்கியாம்மா" என்பான். என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். தோற்றது தாங்கவில்லை, பொறாமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். நினைத்ததோடு நில்லாமல் சொந்தக்காரர்களிடம் சொல்லவும் செய்தேன். இப்போது என் வாயை நானே சபித்துக்கொண்டு என்ன லாபம்?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் என் மகளுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கல்யாணங்களையெல்லாம் படம்பிடித்த வீடியோக்காரர் ஒருவர் இருந்தார். அவர் விட்டுப்போன கேசட்டுகளை அவர் மகள் தூசி தட்டி, பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டங்களை மட்டும் பொறுக்கி, இணையத்தில் ஒரு சேனலாக ஏற்றிக்கொண்டிருக்கிறாளாம். அதில் அந்த ஃபைனலும் இருந்தது. வீடியோவோடு அண்ணன் மகள் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தாள். "அப்பா இன்னும் பார்க்கல, வேணாங்கறாரு. இப்பல்லாம் கை ரொம்ப நடுங்குது, டம்ளர்கூடப் புடிக்க முடியல. அத்தையும் மாமாவும் சேர்ந்து ஒரு தடவ பேசினா நல்லா இருக்கும்." இதுதான் செய்தி. மகள் அதை உரக்கப் படித்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலேயே ஒருவர் போய்விட்டால் என்ற பயம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

"பேசுங்களேன். என்ன குறைஞ்சு போச்சு?" என்றேன் என் கணவரிடம்.

"தோத்தவன் மொதல்ல பேசட்டும். மொதல்ல வீடியோவப் போடு."

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கல்யாண மாப்பிள்ளை தோற்றான். சவரம் செய்துகொண்டார், பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கையோடு இழுத்துவந்தார், பீரோவைத் திறந்து ஜெயித்த சட்டையை எடுத்தார். ஃபைனல் அன்று போட்டிருந்த வெள்ளை முழுக்கைச் சட்டை அது. அதைப் போட்டுக்கொள்ள அவர் தொப்பை விடவில்லை. அதனால் நாற்காலியின் முதுகில் மாட்டிவைத்து, வலதுகைப் பட்டியை வாத்தியார் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இந்த நீலக் கறையப் பார்த்தீங்களா சார்? ஜெயிச்ச கறை. எத்தன தொவைச்சும் போகல."

துவைத்தவள் நான்தான். கல்யாணமான புதிதில் இருந்து எத்தனை சோப்பு, எத்தனை பொடி! அது ஒரு பிடிவாதமான கறை. பட்டியின் அடியில், மணிக்கட்டு பக்கமாக, தேய்த்த மாதிரி நீளவாக்கில் இருக்கும். ஆட்டக்காரன் சட்டையில் நீலம் ஒட்டாமல் என்ன செய்யும் என்று நானும் பெருமையோடுதான் இஸ்திரி போட்டுவந்தேன்.

மகள் ஃபோனை டிவியோடு இணைத்தாள். நேரே ஃபைனலைப் போட அவர் விடவில்லை. விருந்தில் பாயசம் கடைசியில்தானே என்று, முதலில் சேனலில் இருந்த மற்ற பழைய ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் போடச் சொன்னார். படத்தில் கோடு கோடாக ஓடியது. நிறமெல்லாம் வெளுத்து, பச்சைத் துணி சாம்பலாகத் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சிகரெட் வாசனைகூட வந்துவிட்டது.

"இவன் பேரு கொட்டாவி. பாருங்க, பாருங்க, வாயப் பொளக்கறான் பாருங்க. எதிராளி, சரி இவன் தூங்கி விழப்போறான்னு பந்தயத்த ஏத்துவான். அப்புறம் பாருங்க முழிப்ப!"

திரையில் கொட்டாவி என்ற அந்த மெலிந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பந்துகளை வரிசையாக உள்ளே அனுப்பினார். அடுத்து வந்தவருக்குக் கட்டுக்கை என்று பெயர். அடிபடாத கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தே ஊரை ஏமாற்றியவர். அப்புறம் டீச்சர். மூக்குக் கண்ணாடியும் கைப்பையுமாக வந்து, "எப்படிங்க அடிக்கணும், இப்படியா?" என்று ஆண்களிடம் கேட்டுக் கேட்டே அவர்களை மூட்டைகட்டி அனுப்பியவள். குழியில் பந்து விழுந்ததும் தானே பயந்துபோன மாதிரி வாயைப் பொத்திக்கொள்கிறாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாத்தியார் மட்டும், "இது மோசடி இல்லையா?" என்றார்.

"மோசடி என்ன சார் மோசடி? தூண்டில் போடறது. புழுவப் பார்த்து வாயத் தெறக்கறது மீனோட தப்பு" என்றார் என் கணவர்.

தெரிந்துதான் சொன்னார். அவரும் அண்ணனும் தூண்டில் போட்டவர்கள்தான். வெளியூர்க் கிளப்புகளுக்கு முன்பின் தெரியாதவர்கள் போலத் தனித்தனியாகப் போவார்கள். அண்ணன் ஏதோ சுமாராக ஆடி இவரைத் தோற்கடிப்பான். இவர் புலம்பிக்கொண்டே திரும்பத் திரும்பத் தோற்பார். பார்க்கிறவனுக்கு, இந்தச் சுமாரை நாமே ஜெயிக்கலாமே என்று ஆசை வரும். அப்போது அண்ணன் மெத்தையாகிவிடுவான். தோற்பதுதான் என் கணவரின் உத்தியோகம். அதை அவர் அவ்வளவு உருக்கமாகச் செய்வாராம். எங்கே போனாலும் கூட்டத்தில் யாராவது ஒருவர் "பாவம்" என்று சொல்லிவிடுவார்களாம். கடைசியில் அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. பாவம் வந்துட்டான், பாவத்துக்கு ஒரு டீ என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் அப்பாதான் எங்கள் ஊர்க் கிளப்பை நடத்தினார். கீழே கிளப், மாடியில் வீடு. இந்தத் தூண்டில் விவகாரமெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெற்ற மகன் என்றும் பாராமல் காலை ஒடித்திருப்பார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், என் மகன் பெரிய ஆட்டக்காரன், அவன்கூடச் சுற்றுகிறவன் எங்கே போனாலும் தோற்றுவிட்டு வருகிற தண்டம். அந்தத் தண்டத்தின் மேல்தான் எனக்கு மனசு போனது. விஷயம் அப்பா காதுக்குப் போனபோது ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"பாவம்னு பேரெடுத்தவனுக்கா என் பொண்ணு? ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டச் சொல்லு, பார்க்கலாம்."

வேண்டுமென்றே தோற்கிறார் அப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணனின் குட்டும் சேர்ந்து உடையும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இந்த இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பாஷை இருந்ததை நானாகத்தான் கண்டுபிடித்தேன். குச்சி வழுக்காமல் இருக்க அதன் நுனியில் ஒரு சின்ன நீலக்கட்டியைத் தேய்ப்பார்கள். தேய்த்துவிட்டு மேசையின் மர விளிம்பில் வைப்பார்கள். தேய்த்த பக்கம் மேலே பார்க்க வைக்கவேண்டும். கவிழ்த்து வைத்தால் மரத்தில் நீலம் ஒட்டிக்கொள்ளும். புதிதாக ஆட வருகிறவனுக்குக்கூட அப்பா முதலில் சொல்லித்தருவது இந்த மரியாதையைத்தான். காலையில் மேசைகளைத் துடைப்பது என் வேலை. அண்ணனும் அவரும் பழகுகிற மூலை மேசையில் மட்டும் எப்போதும் நீலத் தடம் இருக்கும். "எவன்டா அது மரத்துக்கு மை வைக்கிறவன்?" என்று அப்பா கத்துவார். அண்ணனுக்கு மரியாதை தெரியாதா என்ன? துடைத்துத் துடைத்து எனக்குச் சந்தேகம் வந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே கவனித்தேன். அண்ணன் கட்டியை நிமிர்த்தி வைத்தால் அடுத்த அடி தவறவே தவறாது. கவிழ்த்து வைத்தால் தவறும். எப்போதாவது பாவமும் ஜெயித்தால்தானே எதிராளி நம்புவான்? அதற்கான சைகை அது. நான் இதை விடப்போகிறேன், நீ முடி என்று அர்த்தம்.

அண்ணன் தவறவிடுவதும் ஒரு தனி அழகு. பந்து குழியின் உதடு வரைக்கும் போகும், உள்ளே எட்டிப்பார்க்கும், திரும்பிவிடும். பார்க்கிறவன் "அடடா" என்பான். ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. எனக்கு இந்தச் சைகை தெரியும் என்பதை நான் அவர்களிடமே சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே வேறு சைகைக்கு மாறிவிடுவார்கள். அப்புறம் எனக்கு என்ன பொழுதுபோக்கு?

இவ்வளவு தெரிந்தவள் ஃபைனல் அன்று மட்டும் கோட்டைவிட்டேன். அன்றைக்குக் கிளப்பில் எள் விழ இடமில்லை. ஆட்டக்காரர் சங்கம் நடத்திய போட்டி. ஜெயிக்கிறவரைச் சங்கமே செலவு செய்து பெரிய போட்டிக்கு அனுப்பும். அண்ணன் சின்ன வயதிலிருந்து வாயைத் திறந்து ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். இறுதியில் மோதியது அவனும், எதிராளி வராததிலும் குலுக்கல் அதிர்ஷ்டத்திலும் எப்படியோ அதுவரை வந்துவிட்ட பாவமும். நான் கூட்டத்துக்குப் பின்னால், கல்லாப் பக்கம் மாட்டிக்கொண்டேன். முதுகுகள்தான் தெரிந்தன. திடீரென்று ஒரே கூச்சல். பாவம் ஜெயித்துவிட்டான் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா அவர் தோளில் கைபோட்டபடி என்னைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"இப்பப் போடும்மா" என்றார் என் கணவர். நாற்காலியை டிவிக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வீடியோக்காரர் கேமராவை ஏதோ அலமாரியின் மேல் வைத்திருக்கிறார். கூட்டத்தின் தலைகளுக்கு மேலிருந்து மேசை முழுக்கத் தெரிந்தது. முதல் தடவை நான் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்த்தேன். எவ்வளவு முடி, எவ்வளவு ஒல்லி! கைவிரல்கள் அசையாமல் மேசைமேல் ஊன்றியிருந்தன. இந்தக் கையா இப்போது டம்ளர் பிடிக்க முடியாமல் நடுங்குகிறது என்று நினைத்ததும் எனக்குக் கண் மறைத்தது. அதற்குள் கடைசிக் கறுப்புப் பந்து வந்துவிட்டது. அதை உள்ளே தள்ளினால் அண்ணன் ஜெயித்தான். குழிக்குப் பக்கத்திலேயே இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அண்ணன் தட்டினான். பந்து உதடு வரை போய்த் திரும்பியது. கூட்டம் "அடடா" என்றது. அப்பாவின் குரல் தனியாகக் கேட்டது, "ஆனைக்கும் அடி சறுக்கும்பா." அப்புறம் என் கணவர் வந்தார், குனிந்தார், போட்டார். உடனே எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டார்கள்.

"பார்த்தீங்களா சார்! என்னா நேரா போச்சு! இன்னொரு தடவ போடும்மா."

மகள் போட்டாள். இந்தத் தடவை அண்ணனின் கையைப் பார்த்தேன். கறுப்புப் பந்தை அடிப்பதற்கு முன் நீலக்கட்டியை எடுத்துத் தேய்க்கிறான். விளிம்பில் வைக்கிறான். வைத்த இடத்தில் நீலம் தெரியவில்லை. கட்டியின் அடிப்பக்கக் காகிதம் மட்டும் வெளிறித் தெரிந்தது. பழைய படம், கோடு ஓடுகிறது, நமக்கும் கண்ணாடி மாற்றவேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "இன்னும் ஒரே ஒரு தடவ. வாத்தியார் சரியாப் பார்க்கல" என்றார் என் கணவர்.

மூன்றாவது தடவை எல்லாம் தெரிந்தது. அண்ணன் தவறவிட்டு நகர்கிறான். எல்லார் கண்ணும் பந்தின் மேல் இருக்கிறது. என் கணவர் மேசையைச் சுற்றி வருகிறார். அந்த இடத்துக்கு வந்ததும் நின்று கீழே பார்க்கிறார். இடதுகையால் கட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைக்கிறார். வலதுகையை விளிம்பில் ஊன்றுவது போல ஊன்றி, மணிக்கட்டால் மரத்தை ஓர் இழுப்பு இழுக்கிறார். அப்புறம்தான் குனிந்து கறுப்புப் பந்தைப் போடுகிறார்.

நாற்காலியின் முதுகில் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வலதுகைப் பட்டி, மணிக்கட்டின் அடிப்பக்கம், நீளவாக்கில் ஓர் இழுப்பு.

"போதும்மா, நிறுத்து" என்றார் அவர். குரலில் காற்று போயிருந்தது.

வாத்தியார், "ஒரே ஷாட்ட எத்தன தடவ பார்க்கறது?" என்று சோம்பல் முறித்தபடி எழுந்தார். வெளியாள் முன்னால் வீட்டு விஷயத்தைக் கிளறக் கூடாது என்று நான் வாயை இறுக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். அந்த நாலடிக்குள் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஃபைனலுக்கு முதல் நாள், நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வந்து பக்கத்தில் நின்றான். "உனக்கு அவன்தான் வேணுமா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். "சரி" என்றான். அவ்வளவுதான். வேறு ஒன்றும் பேசாமல் இறங்கிப்போனான். அந்தச் சரிக்கு எவ்வளவு எடை என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. பெரிய போட்டி, பெயர், சின்ன வயது ஆசை எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் என் மடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், பாவி. நான் அதற்குப் பொறாமை என்று பெயர் வைத்தேன்.

திரும்பி வந்து சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"இந்தக் கறை எப்படி வந்துச்சுன்னு இப்ப சொல்லுங்க."

அவர் சட்டையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கட்டி கவுந்திருந்தா என்ன அர்த்தம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெனம் காலையில அந்த மரத்தத் தொடச்சது யாரு? உங்க தாத்தாவா?"

மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்தான் அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் கணவர் குனிந்துகொண்டே போனார்.

"நான் கேக்கல" என்றார் கடைசியில். "அவனா குடுத்தான். கட்டியப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. உங்கப்பா கண்ணுல பட்டுட்டா எல்லாம் போச்சேன்னுதான் திருப்பி வச்சேன்."

"அது சரி. திருப்பி வச்சது பயம். கல்யாணம் முடிவாச்சு, நல்லது. பெரிய போட்டிக்கு ஏன் நீங்க போனீங்க? எனக்கு ஒடம்பு சரியில்ல, மெத்தைய அனுப்புங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா யாரு கேள்வி கேட்டிருப்பா?"

பெரிய போட்டியில் அவர் முதல் சுற்றிலேயே வெளியே வந்தார். மேசை சரியில்லை, துணி சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அடுத்த வருடத்துக்குள் சங்கமே கலைந்துபோனது. மெத்தையின் கை போய்விட்டது என்று ஊரெல்லாம் பேசினார்கள். அண்ணன் குச்சியை மாடியில் சாத்திவைத்துவிட்டுச் சரக்கு வேன் ஓட்டப் போய்விட்டான்.

"உங்கப்பா அன்னைக்கு என் தோள்ல கை போட்டாருடி" என்றார் அவர். "பாவம் பாவம்னு கூப்பிட்ட அத்தன பேரும் என்னத் தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு எறங்க மனசு வரல. நான் அதுவரைக்கும் ஜெயிச்சதே இல்ல."

"அதுக்கப்புறமும் ஜெயிக்கல."

அவர் அடிபட்ட மாதிரி நிமிர்ந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. எங்கள் புதுவீட்டு விருந்தில், அத்தனை பேர் நடுவில், "மச்சான் கை நடுங்கினத நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்று இதே மனிதர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைச் சமையலறையில் கொண்டுவந்து வைத்து, என் தலையில் கையை வைத்து ஒரு நொடி நின்றுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததாக எனக்கு நினைவில்லை.

"தெரிஞ்சே எப்படிங்க அப்படிச் சொன்னீங்க?"

"சொல்லிச் சொல்லி எனக்கே ஜெயிச்ச மாதிரி ஆயிடுச்சு" என்றார். "சத்தியமா. அவன் விட்டதுங்கறதே பாதி மறந்து போச்சு. இப்ப டிவில என் கையப் பார்க்கறப்பதான்…" கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது ஒரு கல்யாணத்தையும் ஒரு பிள்ளைப்பேற்றையும் தாண்டி, அதை நம்பவேண்டிய அப்பா போய்ச்சேர்ந்த பிறகும் ஓடியிருக்கிறது. அதில் கடைசியாக ஏமாந்தவர் அவரேதான்.

மகள் ஃபோனைக் கையில் எடுத்தாள். "மாமாவுக்குப் போடறேன்பா. நீங்க சொல்றீங்க" என்றாள். அவர் மறுக்கவில்லை. தோத்தவன் முதலில் பேசட்டும் என்று காலையில் அவர் சொன்னது மூன்று பேருக்கும் ஞாபகம் இருந்திருக்கவேண்டும்.

மகள் ஸ்பீக்கரில் போட்டாள், மணி அடித்தது. அண்ணன் மகள் எடுத்து அவனிடம் கொடுத்தாள். ஃபோன் அவன் கையில் ஆடுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

"நல்லா இருக்கியாம்மா?"

"அண்ணே, வீடியோ பார்த்தோம்."

"அதுவா? இவளும் காட்டறேன் காட்டறேன்னு உயிர எடுக்கறா. பழைய மூஞ்சியப் பார்த்து என்ன ஆவப்போவுது?"

"கட்டி கவுந்திருக்கு அண்ணே. கறுப்புப் பந்த அடிக்கறதுக்கு முன்னாடி."

அண்ணன் சிரித்தான். அதே பழைய சிரிப்பு.

"கட்டியா? கை வேர்த்திருக்கும், வழுக்கிக் கவுந்திருக்கும். நீ எங்க அதெல்லாம் கண்ட?"

"எனக்கு அப்பவே தெரியும் அண்ணே, அதுக்கு என்ன அர்த்தம்னு. வேணும்னுதான் விட்டேன்னு ஒரு தடவ சொல்லு. எனக்காக சொல்லு. நான் உன்ன என்னென்னவோ நெனச்சுட்டேன்."

"பைத்தியமா நீ? பெரிய போட்டிய எவனாவது வேணும்னு விடுவானா? கை நடுங்கிருச்சு. அவ்வளவுதான்."

கை நடுங்கிருச்சு. விருந்தில் என் கணவர் சொன்ன அதே வார்த்தை, இப்போது அவன் வாயிலிருந்து. ஃபோனை அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மச்சான்."

அவர் ஃபோனை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"நான் பார்த்தேன் மச்சான். அன்னைக்கே பார்த்தேன். நான்தான் திருப்பி வச்சேன், தொடச்சேன். நீ விட்ட ஆட்டம் அது. நான் ஊரெல்லாம்…" அவருக்கு உதடு கோணியது. "நீ ஒரு வார்த்த திட்டிரு மச்சான். அந்த ஆட்டத்த நீ திருப்பி எடுத்துக்க."

திட்டட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரு கெட்ட வார்த்தை போதும். திட்டுகிறவன் வீட்டுக்கு வருவான். வந்து சண்டை போடுவான், என் கையால் ஒரு டீ குடிப்பான்.

"நல்ல ஷாட்டு மாப்ள" என்றான் அண்ணன். யாரோ வெளியூர்க்காரரிடம் பேசுகிற மாதிரி மரியாதையான குரல். "நேராப் போட்ட. நீ ஜெயிச்ச, நான் தோத்தேன். அதுல பேச என்ன இருக்கு? பாப்பா டீ வச்சிருக்கா, ஆறிடும். வச்சிடறேன்."

வைத்துவிட்டான். அத்தனை வருடம் அவன் தவறவிட்டதைக் கல்லாவிலிருந்து பார்த்தவள் நான். எனக்குத் தெரியாதா? உதடு வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. கொடுத்ததை அவன் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டான். வாங்கிக்கொண்டால் இவரை மன்னிக்கவேண்டியிருக்கும்.

மகள் டிவியை அணைத்தாள். என் கணவர் ஃபோனைக் கீழே வைத்தார். மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தார். கைப்பட்டியைப் பிரித்து, கட்டைவிரலில் எச்சில் தொட்டு, அந்த நீலத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விடுங்க" என்றேன். "நான் தேய்க்காத தேய்ப்பா?"